மாடல் நம்பர்

அந்த அறையில் ஆறு கட்டில், ஒரு ஜன்னல், சுவரில் மூன்றே மூன்று பிளக் பாயின்ட். அவன் வந்து சேர்ந்த அன்று மாலை பெட்டியைத் திறந்து முதலில் வெளியே எடுத்தது சட்டையோ துண்டோ அல்ல, லேப்டாப்பைத்தான். வீட்டில் மனைவியும் மகளும் அவன் முகத்தைப் பார்க்கக் காத்துக்கொண்டிருந்தார்கள். பேட்டரியோ விமானத்திலேயே உயிரை விட்டிருந்தது. சார்ஜரை எடுத்துக்கொண்டு சுவரண்டை போனவன் அப்படியே நின்றுவிட்டான். சார்ஜரின் கால்கள் உருண்டை, சுவரில் இருந்த ஓட்டைகள் பட்டை. நேராகப் பிடித்துப் பார்த்தான், சாய்த்துப் பிடித்துப் பார்த்தான், கொஞ்சம் அழுத்தியும் பார்த்தான். சுவர் மசியவில்லை.

“அது போகாது தம்பி. எவ்வளவு கொஞ்சினாலும் போகாது.”

சொன்னவர் எதிர்க்கட்டிலில் குப்புறப் படுத்திருந்த ஃபிட்டர். குழாய் பொருத்தும் வேலையில் இருபத்திரண்டு வருடம், மூன்று நாடு பார்த்தவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியைத் துழாவி, உள்ளங்கைக்குள் அடங்குகிற வெள்ளைக் கட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் ஒரு பக்கம் எந்த நாட்டுப் பிளக்கும் நுழையும். மறுபக்கம் இந்த ஊர்ச் சுவருக்குப் பொருந்தும்.

“அடாப்டர். ஒவ்வொரு ஊர்க்காரனும் ஒவ்வொரு மாதிரி ஓட்டை போட்டு வெச்சிருக்கான். இது இருந்தா எல்லா ஊரும் நம்ம ஊருதான். நீங்களே வெச்சுக்குங்க, எனக்கு இப்ப தேவைப்படல.”

சார்ஜரை மாட்டினான். சுவிட்சில் விரலை வைத்தபோதுதான் சந்தேகம் வந்தது. ஓட்டை வேறு என்றால் உள்ளே வருகிற கரன்ட்டும் வேறாக இருக்குமோ? லேப்டாப் புகைந்துபோய்விட்டால்? யாரையாவது கேட்கலாம்தான். ஆனால் அறையில் எல்லோரும் புது ஆளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

“என்னப்பா, வெடிக்கலையா?” என்றார் மூலைக் கட்டிலில் இருந்த டிரைவர்.

“அதெப்படிண்ணே வெடிக்கும்? பாத்துத்தானே போட்டேன்.”

கண்ணை மூடிக்கொண்டு எதைப் பார்த்தான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் அன்றைக்கே அசடு வழிந்திருப்பான், எல்லோரும் சிரித்திருப்பார்கள், இந்தக் கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

அறையில் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன் ஒருவன்தான். ஒரு வாரத்துக்குள் சொந்தப் பேர் போய் ‘கம்ப்யூட்டர்’ என்ற பேர் ஒட்டிக்கொண்டது. மருந்து அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, விடுப்புப் படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது, வீங்கின காலுக்குச் சுடுதண்ணீரா ஐஸா, எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரைக் கேள் என்றாகிவிட்டது. அவனும் சொல்வான். தெரிந்ததைத் தெரிந்த மாதிரி சொல்வான், தெரியாததை இன்னும் நன்றாகத் தெரிந்த மாதிரி சொல்வான். ஒருநாள் டிரைவரின் போனில் இருந்த படங்களெல்லாம் காணாமல் போயின. “அப்டேட் ஆகுதுண்ணே, ரெண்டு நாள்ல திரும்பி வந்துரும்” என்றான். அவை இன்றுவரை வரவில்லை. டிரைவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். போனது படங்கள்தானே என்று அவனும் விட்டுவிட்டான்.

அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பகலெல்லாம் அவன் உட்கார்ந்திருந்தது தொழிற்சாலையின் ஸ்டோரில். நட்டு, போல்ட்டு, வால்வு, வாஷர் என்று பட்டியல் எடுக்கிற கிளார்க் வேலை. அங்கே மேனேஜர் ஒருவர் இருந்தார். அவரும் தமிழ் பேசுகிறவர்தான், அதனால் திட்டுவது நன்றாகப் புரியும். ஒரு எழுத்து மாறினால் போதும், “நீயெல்லாம் என்னத்தய்யா படிச்சே?” என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிடுவார். அப்படி நாள் முழுதும் குட்டு வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தால் ஐந்து பேர் அவன் வாயைப் பார்ப்பார்கள். அந்த மரியாதைக்குத்தான் அவன் ஏங்கிக் கிடந்தான். ‘தெரியாது’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும் என்று பயந்தான். இந்தப் பயம் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு உண்டு. நாமே போயிராத தெருவுக்கு வழி கேட்டவரை, கையை நீட்டி ஏதோ ஒரு பக்கம் அனுப்பிவைக்கிறோமே, அதுவும் இதே பயம்தான்.

மழையும் குளிருமாக இருந்த ஒரு மாதத்தில் ஃபிட்டரின் இடுப்பு அவரைப் பாடாய்ப் படுத்தியது. காலையில் கட்டிலைவிட்டு எழுந்து நிமிரவே கால் மணி நேரம் ஆகும். ஒருநாள் சாயங்காலம் தகரப் பெட்டியின் அடியிலிருந்து மடித்துவைத்த பழுப்புநிறப் பட்டை ஒன்றை எடுத்தார். தலையணை உறை அளவு இருக்கும், ஓரத்திலிருந்து ஒரு வயர் தொங்கியது.

“இது ஹீட்டிங் பேட் தம்பி. முன்ன வேலை பாத்த நாட்டுல வாங்கினது. மேல படுத்தா நல்லா சூடா ஒத்தடம் குடுக்கும். இங்க வந்தப்பறம் எடுக்கவே இல்ல. இந்த ஊர்ல இதப் போடலாமா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்.”

கம்ப்யூட்டர் அதைக் கையில் வாங்கினான். ஓரத்தில் சின்னதாக ஒரு துணிச் சீட்டு தைத்திருந்தது. பொடி எழுத்தில் என்னென்னவோ அச்சடித்திருந்தது. நடுவில் 120 என்று ஒரு எண், பக்கத்தில் ஒரு எழுத்து. அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, உதட்டை அசைத்து, முழுதாகப் படிக்கிறவன் மாதிரி அரை நிமிடம் பார்த்தான்.

“தாராளமா போடலாம்ணே. ஓட்டைதான் வேற, கரன்ட்டு எல்லா ஊர்லயும் கரன்ட்டுதானே? என் லேப்டாப் ஓடலையா? அவ்வளவு நாசூக்கான மெஷினே இந்த ஊர்ல ஓடுது. இது வெறும் துணி.”

டிரைவர் எட்டிப் பார்த்தார். “அதுல ஏதோ நூத்தி இருபதுன்னு போட்டிருக்கே, என்னப்பா அது?”

“அது மாடல் நம்பர்ணே.”

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அப்படிச் சரளமாக வந்தது அந்தப் பதில்.

ஃபிட்டர் பேடைத் திரும்ப வாங்கி, வயரை நீவிப் பார்த்தார். எதையும் இரண்டு தடவை பார்க்கிற மனிதர் அவர். “எதுக்கும் நம்ம ப்ளான்ட் எலக்ட்ரீஷியன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடட்டுமா? பக்கத்துக் கட்டடத்துலதானே இருக்காரு.”

கம்ப்யூட்டருக்குச் சுருக்கென்றது. “கேளுங்கண்ணே. என் பேச்சுல நம்பிக்கை இல்லேன்னா தாராளமா போய்க் கேளுங்க.”

“ஐயய்யோ, அப்படியில்ல தம்பி! நீங்க சொன்னப்பறம் வேற யாரு சொல்லணும்?” அவர் முகம் சிறுத்துவிட்டது. படித்த பையனை மனம் நோகச் செய்துவிட்டோமே என்ற சங்கடத்தில் எலக்ட்ரீஷியன் பேச்சையே விட்டுவிட்டார். “அந்த அடாப்டரை மட்டும் அரை மணி நேரம் குடுங்க. பெறகு உங்களுக்கே தந்துடறேன்.”

தன் பொருளைத் திரும்பக் கேட்கவே அத்தனை கூச்சப்பட்டார் அவர்.

பேடின் பிளக்கை அடாப்டரில் சொருகி, சுவரில் மாட்டி, சுவிட்சைப் போட்டது கம்ப்யூட்டர்தான். இரண்டே நிமிடத்தில் பேட் சூடாகிவிட்டது. ஃபிட்டர் அதன்மேல் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, நீளமாக மூச்சு விட்டார்.

“ஆகா! அங்க இருந்தப்ப இந்தச் சூடு வர கால் மணி நேரம் ஆகும். இந்த ஊர் கரன்ட்டு கரன்ட்டுதான்யா!”

எல்லோரும் சிரித்தார்கள். ரப்பர் கருகுகிற மாதிரி லேசாக ஒரு வாடை வந்தது. டிரைவர் மூக்கை உறிஞ்சினார். “ரொம்ப நாள் மடிச்சு வெச்சிருந்தாருல்ல, மொதல்ல அப்படித்தான் வரும்” என்றான் கம்ப்யூட்டர். அதற்கும் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஃபிட்டர் ஐந்தாவது நிமிடம் “போதும், சுடுது” என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிட்டார். அப்புறம் மனைவிக்குப் போன் போட்டு, இன்றைக்குத்தான் இடுப்பு கொஞ்சம் தேவலை என்று சொன்னார்.

மூன்று நாள் அப்படிப் போயிற்று. ஐந்து நிமிடம் படுப்பார், அணைப்பார், கழற்றுவார், அடாப்டரைத் துடைத்து கம்ப்யூட்டரின் கட்டிலில் வைத்துவிடுவார். நான்காம் நாள் அவருக்கு இரவு ஷிப்ட் மாற்றினார்கள். விடிய விடிய உயரத்தில் நின்று குழாய் தூக்கிவிட்டுக் காலையில் வந்தவர், ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பேடை விரித்து, அடாப்டரில் மாட்டிப் படுத்தார். மற்ற ஐந்து பேரும் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். களைத்த உடம்பு, மாத்திரையின் மயக்கம், இடுப்புக்கு இதமான சூடு. தூங்கிவிட்டார்.

பதினொரு மணிக்கு ஸ்டோருக்குப் போன் வந்தது. கம்ப்யூட்டர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அறை ஜன்னலிலிருந்து கரும்புகை வந்துகொண்டிருந்தது. காவலாளி கதவை உடைத்து ஃபிட்டரை இழுத்துவந்து தாழ்வாரத்தில் கிடத்தியிருந்தார். முதுகுப் பக்கத்துச் சட்டை இல்லை. அதன்கீழ் என்ன இருந்தது என்று கம்ப்யூட்டரால் பார்க்க முடியவில்லை. ஃபிட்டர் இருமிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்சில் ஏற்றும்போதுகூட அந்த இருமல் நிற்கவில்லை.

மாலையில் எலக்ட்ரீஷியன் வந்து கருகிப்போன கட்டிலைப் பார்த்தார். ஸ்பாஞ்சு மெத்தையில் பாதியைக் காணோம். பேடின் ஒரு மூலை மட்டும் எரியாமல் கிடந்தது. விதி என்று சொல்வதா என்ன சொல்வது, அந்தச் சீட்டு அந்த மூலையில்தான் இருந்தது. எலக்ட்ரீஷியன் அதைக் கரி போகத் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“நூத்தி இருபது வோல்ட்டுக்குச் செஞ்ச சாமான் சார் இது. இங்க சுவத்துல வர்றது இருநூத்தி நாப்பது. ரெண்டு மடங்கு வோல்ட்டு உள்ள போச்சுன்னா நாலு மடங்கு சூடு ஏறும். சூடு மீறினா தானா நிக்கறதுக்கு உள்ள ஒரு சின்ன சமாச்சாரம் இருக்கும், அதுவும் மூணு நாள்லயே தீஞ்சு போயிருக்கும்.”

சுவரில் அடாப்டர் ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. அதைப் பிடுங்கி கம்ப்யூட்டரின் கையில் கொடுத்தார். “இது மேல தப்பில்ல. இது பிளக்கோட உருவத்தத்தான் மாத்தும். கரன்ட்ட மாத்தாது.”

“அப்ப என் லேப்டாப் எப்படி…” அவன் குரல் பாதியில் நின்றுபோனது.

எலக்ட்ரீஷியன் மேஜையில் கிடந்த சார்ஜரை எடுத்துத் திருப்பினார். “இங்க பாருங்க. நூறுலேந்து இருநூத்தி நாப்பது வரைக்கும்னு போட்டிருக்கா? இது எந்த ஊர்லயும் ஓடும். அப்படித்தான் செஞ்சிருக்கான். எல்லாச் சாமான்லயும் எழுதியிருக்கும் சார். ஹீட்டரு, அயர்ன்பாக்ஸு, கெட்டிலு இதெல்லாம் பெரும்பாலும் ஒரே வோல்ட்டுக்குத்தான் செஞ்சிருப்பான். மாட்டறதுக்கு முன்னாடி பாக்கணும். பாத்துப் புரியலேன்னா என்ன மாதிரி ஆளுங்கள ஒரு வார்த்தை கேக்கணும். ஏன் சார், அவ்வளவு அனுபவப்பட்டவரு, யாரையும் கேக்காமலா போட்டாரு?”

டிரைவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கம்ப்யூட்டர் சார்ஜரைப் பார்த்தான். எட்டு மாதமாகத் தினமும் கையில் எடுத்த சார்ஜர், ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. அறையில் கரிநாற்றம் மூச்சை அடைத்தது. “தெரியல” என்றான் எலக்ட்ரீஷியனிடம். வந்த நாளிலிருந்து அவன் வாயால் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல்தடவை. அதுவும் பொய்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள். டிரைவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். “நீ போ. உனக்குத்தான் அவர்கிட்ட பேச வேண்டியது இருக்கு” என்றார்.

ஃபிட்டரை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை கட்டு. மூக்கில் குழாய். ஆனால் நினைவு இருந்தது. கம்ப்யூட்டரைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தார்.

“ரூம் ரொம்ப எரிஞ்சு போச்சா தம்பி? உங்க லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்லண்ணே.”

“நல்லவேளை.” மூச்சு வாங்கினார். “எல்லாம் என் புத்திக் கோளாறு. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நான்தான் தூங்கிட்டேன். தூக்கக் கலக்கத்துல பிளக்க ஏதாவது தப்பா மாட்டிட்டேனோ என்னவோ. இருபத்திரண்டு வருஷத்துல ஒருநாள் இப்படி ஆனதில்ல. எப்படி இவ்வளவு அஜாக்கிரதையா இருந்தேன்னுதான் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், பிடிபடவே இல்ல.”

இப்போது சொல்லியிருக்கலாம். ‘நீங்க ஒண்ணும் தப்பா மாட்டலைண்ணே, தப்பா சொன்னது நான்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் அந்த மனிதருக்கு உடம்பு வலியோடு சேர்ந்த அந்த இன்னொரு வலியாவது குறைந்திருக்கும். கம்ப்யூட்டர் வாயைத் திறந்தான்.

“ரெஸ்ட் எடுங்கண்ணே. எல்லாம் சரியாயிடும்.”

வெளியே வந்தபோது டிரைவர் எழுந்து நின்றார். “சொல்லிட்டியா?” அவன் தரையைப் பார்த்தான். டிரைவர் முன்னால் நடந்துபோய்விட்டார். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், மனசு தேறினதும் சொல்லிக்கொள்ளலாம் என்று உண்மையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு நாள் காத்திருப்பதில்லை. நான்காம் நாள் காலை ஃபிட்டர் போய்விட்டார். தன் சாவுக்குத் தானே காரணம் என்று நம்பிக்கொண்டே போனார்.

அன்று மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். “அந்த ஃபிட்டர் விஷயமா ரிப்போர்ட் மேல போகணும். நீதானே ரூம்மேட்டு, நீயே டைப் அடி. காரணம், தொழிலாளியின் கவனக்குறைவு. அனுமதியில்லாத மின்சாமான். அவ்வளவு போதும். ரொம்ப நீட்டாதே.”

கம்ப்யூட்டர் தன் லேப்டாப்பைத் திறந்தான். சார்ஜ் குறைவாக இருந்தது. பையிலிருந்து ஃபிட்டரின் அடாப்டரை எடுத்துச் சுவரில் மாட்டி, சார்ஜரைச் சொருகினான். பச்சை விளக்கு எரிந்தது. விரல்கள் பழக்கத்தில் ஓடின. ‘தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்’ என்று அடித்து முடித்தபோது எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. மேனேஜர் படித்துவிட்டு முதல்தடவையாக, “பரவாயில்லையே” என்றார். அதன் நகல் ஒன்றை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொன்னார், மற்றவர்கள் பார்த்து ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று.

உடலோடு அனுப்பவேண்டிய சாமான்களுக்குப் பட்டியல் எடுக்கும் வேலையும் அவனுக்கே வந்தது. இரண்டு நாள் கழித்து அது சம்பந்தமாக ஃபிட்டரின் மனைவிக்குப் போன் செய்தான். ஆபீஸிலிருந்து பேசுகிறேன் என்று மட்டும் சொன்னான்.

அந்தம்மா அழவில்லை. அழுது ஓய்ந்த குரல். தகரப் பெட்டி, சட்டைகள், கைக்கடிகாரம் என்று அவன் படிக்கப் படிக்க “ம்” “ம்” என்று கேட்டுக்கொண்டார். முடித்ததும் கேட்டார்.

“சார், அவரு கவனக்குறைவா இருந்தாருன்னு எழுதியிருக்கீங்களாமே? இங்க எல்லாரும் அதையே சொல்றாங்க. அவரு அப்படிப்பட்ட ஆளு இல்ல சார். வீட்டுல ஒரு பல்பு மாத்தணும்னாக்கூட மெயின அணைச்சுட்டு, அணைச்சோமான்னு திரும்பப் போய்ப் பாப்பாரு. நாங்க கிண்டல் பண்ணுவோம்.”

அவன் பட்டியலை மேஜையில் வைத்தான்.

“அந்த இடுப்புக்குப் போடறதக்கூடக் கேட்டுட்டுத்தான் போட்டாரு சார். எனக்குப் போன்ல சொன்னாரு. நான்தான் பயந்துபோய், ஊரு விட்டு ஊரு கொண்டுபோன சாமான், பாத்துப் போடுங்கன்னேன். அதுக்கு அவரு, ‘நம்ம ரூம்ல கம்ப்யூட்டருன்னு ஒரு தம்பி இருக்கான், நல்லாப் படிச்ச பிள்ள, அவன் எழுத்தெல்லாம் படிச்சுப் பாத்துத்தான் போடலாம்னான், பயப்படாதே’ன்னாரு. அந்தத் தம்பியக் கொஞ்சம் விசாரிங்க சார். படிச்ச பிள்ள பாத்துச் சொன்னது எப்படித் தப்பாப் போச்சுன்னு எனக்கு விளங்கவே மாட்டேங்குது.”

ஸ்டோரில் யாரோ இரும்புக் குழாயை உருட்டிப்போட்டார்கள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அவன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். வைத்துவிடலாம். அந்தம்மாவுக்குத் தெரியவே போவதில்லை.

“அக்கா,” என்றான். “அந்தக் கம்ப்யூட்டர் நான்தான்.”

அந்தம்மா பதில் சொல்லுமுன் மீதியையும் சொன்னான்.

“அதுல எழுதியிருந்தது எனக்குப் புரியலைக்கா. நூத்தி இருபதுன்னு போட்டிருந்தது. என்னன்னு தெரியாமலே மாடல் நம்பர்னு சொல்லிட்டேன். அண்ணன் எலக்ட்ரீஷியனக் கேக்கறேன்னாரு, நான்தான் கோவிச்சுக்கிட்டு வேண்டாம்னு ஆக்கிட்டேன். அவரு மேல எந்தத் தப்பும் இல்ல. அந்தக் காகிதத்த எழுதினதும் நான்தான்.”

அந்தம்மா முழுதும் கேட்டுவிட்டுப் பேசினார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“தெரியலேன்னு சொல்லியிருந்தா அவரு உங்கள மட்டமா நெனச்சிருப்பாரா சார்? ‘சரி தம்பி’ன்னுட்டு வேற ஆளக் கேட்டிருப்பாரு. அவ்வளவுதானே? படிக்காதவங்க நாங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதனாலதான் உங்கள மாதிரி இருக்கறவங்கள நம்பி வந்து கேக்கறோம். தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க. அதச் சொல்லக்கூட வாய் வராதுன்னா, அப்பறம் என்னத்துக்கு சார் அந்தப் படிப்பு?”

போன் வைக்கப்பட்டது. கடைசிவரை அவர் அவனை சார் என்றுதான் கூப்பிட்டார்.

அன்றே அவன் புதிதாக ஒரு ரிப்போர்ட் எழுதினான். தன் பேரைப் போட்டு, தான் சொன்னதைச் சொன்னபடி எழுதி, மேனேஜர் முன்னால் வைத்தான். அவர் இரண்டு வரி படித்துவிட்டுச் சிரித்தார்.

“உனக்கென்ன பைத்தியமா? பழையது மேல போயி, அவங்களும் ஒத்துக்கிட்டு, ஃபைல மூடியாச்சு. செத்தவன் வந்து கேக்கப்போறானா? போய் வால்வு லிஸ்ட்டப் பாரு.”

காகிதத்தைக் கசக்கிக் கூடையில் போட்டார். அவன் இன்னொரு பிரதி எடுத்து அறிவிப்புப் பலகையில் பழைய தாளின் பக்கத்தில் ஒட்டினான். சாப்பாட்டு நேரத்தில் ஏழெட்டுப் பேர் அதை நின்று படித்தார்கள். சாயங்காலம் பார்த்தபோது அது இல்லை. பழைய தாள் மட்டும் நாலு மூலையிலும் ஊசி குத்தி விறைப்பாக இருந்தது. ஃபிட்டர் என்ற மனிதர் அந்தத் தொழிற்சாலையின் கணக்கில் கவனக்குறைவானவர்தான். இனி அதை யாராலும் மாற்ற முடியாது.

தகரப் பெட்டியைப் பூட்டுமுன் அடாப்டரைத் துடைத்து அதற்குள் வைத்தான். லேப்டாப் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது. வேறு அடாப்டர் வாங்க அவனுக்கு மனம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஃபிட்டரின் கட்டில் கிடந்த இடத்துக்கு வெள்ளையடித்து, புதுக் கட்டில் வந்தது, கூடவே ஒரு புது வெல்டரும் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. பெட்டியைப் பிரித்ததும் ஒரு சின்ன மின்சாரக் கெட்டிலை எடுத்துக்கொண்டு நேரே அவனிடம் வந்தார்.

“நீங்கதானே கம்ப்யூட்டர்? கீழ சொன்னாங்க, எதுன்னாலும் உங்களக் கேக்கச் சொல்லி. இது நான் முன்ன இருந்த ஊர்ல வாங்கினது. இங்க போடலாமா?”

மூலைக் கட்டிலில் டிரைவர் தலையைத் தூக்கினார்.

அவன் கெட்டிலை வாங்கித் திருப்பினான். அடியில் பொடி எழுத்து, எண்கள். இப்போது அவனுக்கு ஓரளவு புரிந்தது. ஓரளவுதான்.

“எனக்குத் தெரியாதுண்ணே,” என்றான். “வாங்க, எலக்ட்ரீஷியனக் கேப்போம். அவரு பாக்கறவரைக்கும் மாட்டாதீங்க.”

வெல்டர் அவனை மட்டமாக நினைக்கவில்லை. “சரி தம்பி” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அவ்வளவுதான். உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லை. எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதுமாக இருந்தது. அந்த ஒரு நொடி அவமானத்தைத் தாங்க முடியாமல்தான் அவன் ஒரு மனிதரை எரியவிட்டான். நம்மிடம் யாராவது நம்பி வந்து ஒன்றைக் கேட்கும்போது, நமக்குத் தெரியாததைத் தெரியும் என்று சொல்வது பெருமை அல்ல, பாவம்.

படியிறங்கும்போது டிரைவரும் பின்னாலேயே வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குப் பிறகு முதல்தடவையாகப் பேசினார்.

“இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடா.”

அவன் கெட்டிலைக் கையில் பிடித்தபடி எலக்ட்ரீஷியன் இருந்த பக்கத்துக் கட்டடத்தை நோக்கி நடந்தான்.